8 வருடத் தண்டனை முடிந்து வருகிறார்: வீட்டில் முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்?

பல்லடம் பானு:
தெரிந்த குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். மகன் கோவை மத்திய சிறையில் தண்டனைக் கைதி, வயது 34. இதுதான் ஒரே வழக்கு. இன்னும் மூன்று மாதத்தில் விடுதலை என்கிறார்கள். உள்ளிருந்தே பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறார், தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். வீட்டில் அம்மாவும் அக்காவும் மட்டும்தான். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இப்போதே செய்ய வேண்டியது எது? திருப்பூரில் கம்பெனி வேலை கிடைக்குமா?

கோர்ட்டு வாசல்:
பானு அக்கா, முதலில் அந்த மூன்று மாதக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) போகும்போது விடுதலைத் தேதியைச் சிறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். தேதி தள்ளிப்போக வழக்கமான காரணங்கள் மூன்று.

ஒன்று, விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள். அதைத் தண்டனையில் கழிக்க வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 428, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் பிரிவு 468). ஜாமீனில் வெளியே போய் மறுபடி உள்ளே வந்திருந்தால் சில நாட்கள் கணக்கில் விடுபடும். ரிமாண்ட் ஆன (காவலில் வைக்கப்பட்ட) தேதி, ஜாமீனில் வந்த தேதி இரண்டையும் எழுதிக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு, அபராதம். பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இதில்தான். தீர்ப்பில் "10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் 6 மாதம்" என்று இருக்கும். அந்த 6 மாதம் மெயின் தண்டனை முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும், ரிமாண்ட் நாட்களையும் அதில் கழிக்க முடியாது. இரண்டு பிரிவுகளில் தண்டனை, ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று தீர்ப்பு இருந்தாலும் அபராதத்துக்கான சிறை தனித்தனிதான். எனவே தீர்ப்பு நகலை எடுத்து எல்லா அபராதத்தையும் கூட்டிப் பாருங்கள். தண்டனை கொடுத்த கோர்ட்டில் கட்டி ரசீது வாங்குங்கள். கட்டியதோடு நின்றுவிடக் கூடாது, கோர்ட்டிலிருந்து சிறைக் கண்காணிப்பாளருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். ரசீது பீரோவில் இருக்க, ஆள் உள்ளேயே இருப்பது இந்த இடைவெளியால்தான். முழுத் தொகை புரட்ட முடியாவிட்டாலும் பாதகமில்லை. பாதிப் பணம் கட்டினால் 6 மாதம் 3 மாதமாகும், அந்த விகிதக் கணக்கு சட்டத்திலேயே உண்டு.

மூன்று, வேறு வழக்கு. ஏதாவது ஒரு கோர்ட்டில் பழைய வாரண்ட் நிலுவையில் இருந்தால் சிறை வாசலிலேயே பிடித்துப் போய்விடுவார்கள். ஒரே வழக்கு என்கிறீர்கள். இருந்தாலும் நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுச் சுற்றுவட்ட மாவட்டங்களில் தேடிவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை. 15100க்கு அழைக்கலாம், அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு கொடுக்கலாம்.

நலப்பணி மோகன்:
மேலே சொன்னது முடிந்ததும் காகிதங்களுக்கு வாருங்கள். வெளியே வரும்போது விடுதலைச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, தையல் பயிற்சிச் சான்று, சிறைக் கணக்கில் உள்ள பணம், உள்ளே போகும்போது ஒப்படைத்த பொருட்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். தொடர்ந்து மாத்திரை எடுப்பவராக இருந்தால் சிறை மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்தோ மனநல மருந்தோ சில நாள் விட்டுப்போனாலும் பட்ட பாடெல்லாம் வீணாகும். குறிப்பு கையில் இருந்தால் அரசு மருத்துவமனையில் மறுநாளே தொடரலாம்.

வந்த முதல் வாரத்தில் முதல் வேலை ஆதாரில் போன் எண் மாற்றுவது. பழைய சிம் எப்போதோ வேறு ஆளுக்குப் போயிருக்கும். ஓ.டி.பி. வராமல் வங்கி, பி.எஃப்., ரேஷன் எதுவும் நகராது. ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், எண் மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை. புது சிம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அக்கா பெயரில் இருப்பதை ஆதாரில் கொடுத்துவிட்டு அப்புறம் மாற்ற அலையக் கூடாது.

அடுத்தது வங்கி. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கை முடக்கி வைத்திருப்பார்கள். கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்தால் உயிர் வரும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருக்கும். அதையும் அதே கிளையில் கேட்டு வாங்கலாம். ரேஷன் கார்டில் பெயர் எடுத்திருந்தால் சேர்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுக்க வேண்டும். சிறையில் இருக்கும்வரைதான் ஓட்டு இல்லை, வெளியே வந்தால் உண்டு. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும்.

தொழிலுக்கு உதவித்தொகை வேண்டுமென்றால் சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலரை விடுதலைக்கு முன்பே பார்க்க வேண்டும். விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கத்துக்கு மனு அவர் வழியாகப் போனால் நல்லது.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் அதே தெருவில் இருந்தால், முதல் சில மாதம் மகன் வேறு ஊரில் தங்குவதுதான் இரண்டு வீட்டுக்கும் நல்லது. சொந்த வீட்டுக்குப் போக என்ன தடை என்று வீம்பு பிடித்தால் ஒரு சின்னத் தகராறு மறுபடி ஸ்டேஷனில் போய் நிற்கும்.

பேட்லாக் செந்தில்:
திருப்பூரில் வேலை நிச்சயம் உண்டுங்க. ஆனால் சிறைத் தையலுக்கும் பனியன் கம்பெனித் தையலுக்கும் வித்தியாசம் இருக்கு. உள்ளே பெரும்பாலும் யூனிபார்ம் துணி, சிங்கிள் நீடில் மெஷின். இங்கே இழுத்தால் நீளும் துணி, அதைத் தைக்கும் ஓவர்லாக், பேட்லாக் மெஷின் தெரியுமா என்றுதான் கேட்பாங்க. நேராகப் பீஸ் ரேட்டில் (தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி) உட்கார வைத்தால் முதல் வாரச் சம்பளத்தைப் பார்த்தே மனசு விட்டுப்போகும். முதல் மாதம் ஷிப்ட் சம்பளத்தில் செக்கிங் அல்லது கைமடிக்கு (டெய்லருக்கு உதவியாள் வேலை) சேர்ந்து, இடைவேளையில் கழிவுத் துணியில் ஓவர்லாக் பழகட்டும். கை வந்த பிறகு பீஸ் ரேட்டுக்கு மாறலாம்.

முதலாளியிடமோ மேனேஜரிடமோ விஷயத்தைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும், லைனில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. மறைத்துச் சேர்ந்து பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடிப்பாங்க. சின்ன யூனிட்டுகளில் கேட்பது இரண்டுதான்: ஒழுங்காக வருவாரா, குடிப்பாரா. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிய ஆதாரும் போன் எண்ணும் வேண்டும், மோகன் சார் சொன்ன வரிசையை மாற்றாதீங்க.

பல்லடம் பானு:
எல்லோருக்கும் நன்றி. வந்ததும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமா? அக்கா வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், பின்னாடி அங்கே அனுப்பலாமா என்றும் யோசிக்கிறார்கள்.

கோர்ட்டு வாசல்:
முழுத் தண்டனையும் முடித்து வருபவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை. முகவரியைத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உத்தரவு மறுபடி மறுபடி தண்டனை பெற்றவர்களுக்குத்தான், அதையும் கோர்ட்டுதான் போட வேண்டும். தண்டனை முடியும் முன்பே விடும் முன்விடுதலை என்றால் நிபந்தனைகள் இருக்கும், உத்தரவைப் படித்துப் பாருங்கள். போலீஸ் வரச் சொன்னால் மரியாதையாகப் போய், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேட்கட்டும். நன்னடத்தைப் பிணைப் பத்திரம் என்று எதையாவது நீட்டினால் வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அதை மீறியதாகச் சொன்னால் பத்திரத்தின் மிச்சக் காலத்துக்கு உள்ளே போக வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடத்துக்குக் குறையாத தண்டனை என்றால் ஐந்து வருடம் மறுக்கலாம். அந்த ஐந்து வருடம் விடுதலையிலிருந்து அல்ல, தீர்ப்புத் தேதியிலிருந்து. தீர்ப்பு வந்து ஐந்து வருடம் தாண்டி, மேல்முறையீடும் நிலுவையில் இல்லை என்றால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். படிவத்தில் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி எழுதட்டும். அரசு வேலை விண்ணப்பத்திலும் அப்படித்தான், வழக்கை மறைத்ததே தனியாக வேலை போகக் காரணமாகிவிடும். தீர்ப்பு நகலும் அபராத ரசீதும் விடுதலைச் சான்றும் மூன்று செட் எடுத்து, ஒன்றை அக்காவிடம் கொடுத்துவையுங்கள்.