அகச்சூழல் என்று சொல்லலாமா? (வணிகத் திட்டமிடல் சொற்கள்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

திட்டமிடும்போது கணக்கில் எடுக்க வேண்டிய, நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் பணம், ஆட்கள், பழக்கவழக்கம் போன்றவற்றை ஆங்கிலத்தில் 'இன்டர்னல் என்விரான்மென்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'அகச்சூழல்' என்று சொல்லலாமா என்ற பேச்சில் வந்த மறுப்பு இது:

> நிறுவனத்தைச் சூழ்ந்திருப்பதுதான் சூழல். உள்ளே இருப்பது எப்படிச் சூழலாகும்? 'அகச்சூழல்' வேண்டாம் ஐயா, 'உள்நிலை' போதும்.

கேள்வி நியாயமானதுதான். நானும் முதலில் உள்நிலையின் பக்கமே சாய்ந்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சூழ்ந்திருப்பது யாரை? நிறுவனத்தை என்றால் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் நாம் சொல் தேடுவது திட்டமிடலுக்கு. திட்டம் போட உட்காருகிறவரைக் கையிருப்புப் பணம், தேய்ந்த இயந்திரம், தேர்ந்த ஆட்கள், 'இங்கே இப்படித்தான் செய்வோம்' என்ற பழக்கம் எல்லாம் சூழ்ந்துகொண்டுதான் நிற்கின்றன. அவருக்கு வட்டி விகிதம் எவ்வளவு சூழலோ, கிடங்கில் தேங்கிய சரக்கும் அவ்வளவு சூழல்.

ஃபிலிம் விற்ற கோடாக் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரியும். டிஜிட்டல் கேமராவை அவர்களுடைய பொறியாளர் ஒருவரே 1975இல் செய்து காட்டினார். 2012இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. வெளியே என்ன வரப்போகிறது என்பதன் முன்மாதிரி அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஃபிலிம் தந்துகொண்டிருந்த லாபமும் அதைச் சுற்றி வளர்ந்த ஆலைகளும் ஆட்களும் அவர்களை வேறு பக்கம் இழுத்தன. இதை 'உள்நிலை' என்று எழுதினால் ஏதோ அறிக்கைத் தலைப்புபோல இருக்கிறது. அகச்சூழல் என்றால் அந்த வளைப்பும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 'சூழ்' என்ற வினைக்குச் சுற்றுதல் மட்டுமல்ல, ஆலோசித்தல், திட்டமிடுதல் என்றும் பொருள். 461ஆம் குறளில் 'ஊதியமும் சூழ்ந்து செயல்' என்று வருகிறதே, அங்கே சூழ்தல் என்றால் எண்ணிப் பார்த்தல். அதுவும் அழிவது, ஆவது, கடைசியில் கிடைக்கும் ஊதியம் என்று கணக்குப் போட்டு எண்ணுவது. சுற்றியிருப்பதற்கும் திட்டமிடுவதற்கும் ஒரே வேர் நம்மிடம் இருக்கும்போது அதை எதற்கு விட வேண்டும்? (திட்டமிடலுக்கே 'சூழ்ச்சி' என்று வைக்கலாம் என யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சொல் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது.)

> 'சுற்றுச்சூழல்' என்றே போட்டால் என்ன?

கூடவே கூடாது. நான் திருத்திய ஒரு பாடவரைவில் 'சுற்றுச்சூழல் பகுப்பாய்வு' என்று தலைப்பு இருந்தது. படித்துப் பார்த்த நண்பர், மாசுக்கட்டுப்பாடு பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டார். அந்தச் சொல்லை இயற்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்தது, புறச்சூழலுக்குள், அதாவது நிறுவனத்துக்கு வெளியே இருப்பவற்றுக்குள், வரும் பிரிவு. மைக்ரோ, மேக்ரோ என்பதை 'நுண்சூழல், பெருஞ்சூழல்' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரி, பொருள்தான் இடிக்கிறது. வாடிக்கையாளர், சரக்குத் தருபவர், போட்டியாளர் எல்லாம் மைக்ரோவில் வருகிறார்கள். போட்டியாளர் உங்களைவிடப் பத்து மடங்கு பெரியவராக இருக்கலாம், அவரை எப்படி 'நுண்' என்பது? இங்கே வேறுபாடு தொலைவில் இருக்கிறது, அளவில் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசலாம், சரக்குத் தருபவரிடம் பேரம் படியும். பணவீக்கத்தோடும் மக்கள்தொகை மாற்றத்தோடும் யார் பேரம் பேசுவது? அவற்றுக்கேற்பத் திட்டத்தைத்தான் வளைக்க முடியும். அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்ததுதானே. அண்மைச்சூழல், சேய்மைச்சூழல் என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நிறுவனத்தின் நிலையை நான்கு தலைப்புகளில் எடைபோடும் ஸ்வாட் (SWOT) முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வலிமை, வலுவின்மை இரண்டும் அகம். வாய்ப்பு, அச்சுறுத்தல் இரண்டும் புறம். அதில் புதிதாகச் சொல் ஆக்க ஒன்றுமில்லை.

இனி ஸ்கேனிங், அதாவது வெளியே என்ன மாறுகிறது என்று நிறுவனம் பார்த்துத் தகவல் திரட்டுவது. மேலாண்மை அறிஞர் பிரான்சிஸ் அகிலார் 1967இல் இதைப் பற்றி எழுதியபோது, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்து முறையாகத் தேடுவதுவரை நான்கு வகை சொன்னார். அதனால் 'ஆய்வு' ஒத்துவராது. ஆய்வென்றால் கேள்வி முதலிலேயே கையில் இருக்க வேண்டும். இங்கே பாதி நேரம் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாது. 'சூழல் நோட்டம்' எப்படி? நாணயங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு நோட்டம் என்றுதான் பழைய வழக்கு. வணிகத்துக்கு அந்நியமான சொல்லும் அல்ல.

----------

> 'சூழல் நோட்டம்' எப்படி?

ஐயா, மற்றதெல்லாம் சரி. 'நோட்டம் விடுதல்' இன்று திருடன் செய்கிற வேலை. மேலாளர் நோட்டம் விட்டார் என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். 'சூழல் கண்காணிப்பு' என்று மாற்றலாமே.

----------

சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். அதோடு, திருடனும் ஒருவகையில் புறச்சூழலைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறான். கண்காணிப்பு என்றால், எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்பே தெரிந்து அதன்மேல் கண் வைப்பது. மானிட்டரிங்குக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது, இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கை பிசைய வேண்டும். 'விடுதல்' இல்லாமல் 'நோட்டம் பார்த்தல்' என்று எழுதினால் உறுத்தல் குறையுமா? அதுவரை பட்டியலில் கேள்விக்குறியோடு போட்டு வைக்கிறேன்.

போகட்டும், என்னை இன்னும் குடைகிற கேள்வி வேறு. ஒப்பந்த நிறுவனம் அனுப்பி, நம் கட்டடத்தில், நம் கணினியில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிற ஒருவர் அகமா, அண்மையா? மனிதவளத் துறையில் இருக்கிற யாராவது சொல்லுங்கள்.