நெம்பர் மாறாம நெட்வொர்க் மாத்தறது: எங்கெங்க சிக்குது, ஏன் சிக்குது?

கோபிசெட்டிபாளையம்

நெம்பரை வெச்சுக்கிட்டே கம்பெனி மாத்தறதப் பத்தி ஊருக்குள்ள ஆளுக்கொரு பேச்சு ஓடுதுங்க. ஏழு நாள் ஆகும்ங்கறாங்க, பழைய கம்பெனிக்காரன் விடவே மாட்டான்ங்கறாங்க, பேங்க்ல எல்லாம் புதுசாப் பதியோணும்ங்கறாங்க. கடை வெச்சிருக்கறவங்க, கணக்கு பாக்கறவங்க, பேங்க்ல இருக்கறவங்கன்னு இந்த வேலையோட தெனமும் பழகறவங்க வெவரமா எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாங்க. எந்த எடத்துல நிக்குது, அதுக்கு என்ன பண்ணோணும், அது போதும்.

பெருந்துறை, செல்போன் கடை

ஏழு நாள்ங்கறது பழைய கணக்குங்க. 2019 டிசம்பர் 16ல இருந்து ஒரே வட்டத்துக்குள்ள (தாலுகா இல்லீங்க, போன் சேவைக்குன்னு நாட்டைப் பிரிச்சு வெச்சிருக்கற பகுதி, பெரும்பாலும் ஒரு மாநிலம்) மாறுனா 3 வேலை நாள், வேற வட்டத்துக்குப் போனா 5 வேலை நாள். ஞாயித்துக்கெழமையும் அரசு விடுமுறையும் இதுல சேராது. சென்னையும் நம்ம ஊரும் ஒரே வட்டந்தான், அதுல குழப்பம் வேண்டாம்.

வேலை ஒரு எஸ்எம்எஸ்ல ஆரம்பிக்குது. ஆங்கில எழுத்துல போர்ட்னு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க நெம்பரைப் போட்டு 1900க்கு அனுப்போணும். முன்னால 0 வேண்டாம், 91ம் வேண்டாம். எந்த நெம்பரை மாத்தறீங்களோ அந்த சிம்ல இருந்தேதான் போகோணும். ரெண்டு சிம் போன்ல எஸ்எம்எஸ்க்கு எந்த சிம் வெச்சிருக்குதோ அதுல இருந்து கெளம்பிரும். கடைக்கு வந்து "பதிலே வரலீங்"ன்னு நிக்கறவங்கள்ல நெறையப் பேருக்கு இதுதான் காரணம். எஸ்எம்எஸ் இல்லாத சின்ன ரீசார்ஜ் போட்டிருந்தாலும் 1900க்கு மட்டும் அனுப்ப விடோணும்னு 2021 டிசம்பர்ல டிராய், அதாவது போன் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஆணையம், உத்தரவே போட்டிருக்குது.

பதிலா எட்டு எழுத்துல யூபிசின்னு ஒரு கோடு வரும், அதைக் குடுத்துத்தான் புதுக் கம்பெனி கிட்ட விண்ணப்பிக்கோணும். இதைப் பழைய கம்பெனி தர்றதில்லைங்க. நடுவுல போர்ட்டிங்குக்குன்னே இருக்கற நிறுவனம், பழைய கம்பெனி கிட்ட நிபந்தனை எல்லாம் சரியான்னு அந்த நிமிசமே கேட்டுப் பாத்துட்டுத் தருது. கோபி அண்ணன் கேட்ட "விடவே மாட்டான்" பேச்சுக்கு இதுதான் பதில். தகுதி இல்லைன்னா யூபிசிக்குப் பதிலா காரணம் வரும். அந்த மெசேஜை அழிச்சுப் போடாம அப்படியே கடைக்குக் கொண்டாங்க. யூபிசி வந்திருந்தாலும் அப்படித்தான், காகிதத்துல எழுதிட்டு வராதீங்க. ஓ எழுத்தும் பூஜ்யமும் மாறிப் போச்சுன்னா விண்ணப்பமே தள்ளுபடி.

காரணங்கள்ல அதிகமா வர்றது மூணு. இப்ப இருக்கற கம்பெனிக்கு வந்து 90 நாள் முடியாதது. போஸ்ட்பெய்டுல கெடு தாண்டுன பில் பாக்கி. அதே நெம்பருக்கு மாத்து சிம் வாங்கி 7 நாள் ஆகாதது. நெம்பர் இன்னொருத்தர் பேருக்கு மாறிக்கிட்டு இருந்தாலோ, கோர்ட் வழக்குல இருந்தாலோ கூட நிக்கும், ஆனா அது அபூர்வம்.

திருச்செங்கோடு

யூபிசிக்கு ஆயுசு 4 நாள்தானுங்க. அதைப் பெருந்துறைத் தம்பி சொல்லாம விட்டுட்டாப்ல. ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்குப் பக்கம் மட்டும் 30 நாள்.

போர்வெல் போடற ரிக் வண்டியில போறவங்களுக்கு இது முக்கியம். சத்தீஸ்கர்லயோ மகாராஷ்டிராவுலயோ போர்வெல் ஓட்டிக்கிட்டு இருக்கறப்பவே 1900க்கு அனுப்பலாம், ரோமிங்ல தடை இல்லை. ஆனா ஊர் வந்து சேர அஞ்சு நாள் ஆச்சுன்னா கோடு செத்துப் போயிருக்கும். தமிழ்நாட்டு நெம்பராவே இருக்கோணும்னா இங்க வந்துதான் புது சிம் வாங்கோணும். அதனால மேட்டூரோ சேலமோ தாண்டி வீட்டுக்குப் பக்கம் வந்த பொறகு எஸ்எம்எஸ் அனுப்புங்க. கெடு தாண்டிருச்சுன்னா பயப்பட ஒண்ணுமில்லை, திரும்ப ஒருக்கா அனுப்புனா புதுக் கோடு வரும்.

வேற மாநிலத்துலயே வருசக்கணக்கா தங்கறவங்க அங்கயே நெம்பரை அந்த வட்டத்துக்கு மாத்திக்கலாம். அந்த வசதி 2015 ஜூலை 3ல இருந்து நாடு முழுக்க இருக்குது. அதுக்கு முன்னால, 2011 ஜனவரியில நாடு முழுக்க நெம்பர் மாறாம மாத்தறது வந்தப்ப, சொந்த வட்டத்துக்குள்ள மட்டுந்தான்.

பொள்ளாச்சி

வாளையாறு தாண்டி பாலக்காட்டுல வாங்குன கேரள நெம்பரை இந்தப் பக்கம் வெச்சிருக்கறவங்க நெறைய. அது வேற வட்டம், 5 வேலை நாள் கணக்கு. கடைக்காரர் கிட்ட மொதல்லயே "இது கேரளா நெம்பர்"னு சொல்லிருங்க.

அதை விட முக்கியமா ஒண்ணு சொல்லோணும். தோட்டத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் (போன்ல இருந்தே மோட்டாரை ஓட்டற பெட்டி) வெச்சிருக்கறவங்க கவனமா இருங்க. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற சிம்மும் ஒரு நெம்பர்தான். வீட்டுல எல்லா நெம்பரையும் ஒரே கம்பெனிக்கு மாத்தறப்ப அதையும் சேத்து மாத்திப் போடறாங்க. நம்ம பக்கம் இருக்கற பழைய ஸ்டார்ட்டர் பெரும்பாலும் 2ஜியில மட்டும் வேலை செய்யறது. ஜியோவுக்கு 2ஜியே கெடையாது, 4ஜியும் 5ஜியுந்தான். அங்க மாத்துனா பெட்டி சிக்னலே புடிக்காது. மூணு பேஸ் கரண்ட் வந்தாலும் மோட்டார் எடுக்காது. பட்டன் போன் வெச்சிருக்கற பெரியவங்களுக்கும் இதே சங்கதி. போன்ல 4ஜி வோல்ட்டி (4ஜியிலயே பேசற வசதி) இருக்குதான்னு பாத்துட்டு மாத்துங்க.

ஸ்டார்ட்டர் சிம்மை மாத்தறதா முடிவு பண்ணிட்டா, கரண்டை நிறுத்திப் போட்டு சிம்மைக் கழட்டி ஒரு போன்ல போட்டுத்தான் 1900க்கு அனுப்ப முடியும். புது சிம் அட்டையில மூணு அளவு வெட்டு இருக்கும். பெட்டிக்குப் பெரும்பாலும் பெரிய அளவு வேணும். கடைக்காரர் பழக்கத்துல சின்ன அளவுக்கு ஒடைச்சுட்டா அடாப்டர் தேட வேண்டியதாயிரும். சிம்முக்கு ரகசிய எண் (PIN) பூட்டு போட்டிருந்தா அதை எடுத்துட்டுப் பெட்டியில போடுங்க.

சிக்னல் விசயம்: ஆனைமலை, வால்பாறை, தாளவாடி, பர்கூர், கொல்லிமலைப் பக்கம் ஒரு கம்பெனி ஒரு வளைவுல எடுக்கும், அடுத்த வளைவுல போயிரும். டவுனுல நல்லா எடுக்குதுன்னு தோட்டத்துக்கு நம்பி மாத்த வேண்டாம். ஒரம்பரையோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோ அந்தக் கம்பெனி சிம் வெச்சிருந்தா, நீங்க தெனமும் பேசற எடத்துலயே, களத்துலயும் வீட்டுக்குள்ளயும், பொழுதோட ஒருக்கா வாங்கிப் போட்டுப் பாருங்க. 90 நாள் கழிச்சுத்தான் அடுத்து மாற முடியும். பிஎஸ்என்எல் 4ஜிக்குப் போறவங்க போன்ல 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28 இருக்குதான்னும் பாத்துக்குங்க. பழைய போன் சிலதுல இருக்காது.

திருப்பூர், கணக்கு அலுவலகம்

தேதி பாத்து மாத்துங்க. இதை எங்க தொழில்ல யாரும் முன்கூட்டி யோசிக்கறதில்லை.

பழைய சிம் அடங்கி புது சிம் உயிர் வர்ற இடைவெளி 4 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுங்கறது விதி. பெரும்பாலும் ராத்திரியில முடிஞ்சுரும். ஆனா புது சிம் ஆளு கையில இருந்து போன்ல ஏறி, மெசேஜ் ஒழுங்கா வர ஒரு பகல் கூடப் போயிரும். அந்தப் பகல்ல ஓடிபி வராது. ஜிஎஸ்டி கணக்கு தாக்கல்ல ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ம் தேதி, 3பி படிவத்துக்கு 20ம் தேதி கடைசி. மூணு மாசத்துக்கு ஒருக்கா போடறவங்களுக்கு நம்ம மாநிலத்துல 13ம் 22ம். தாக்கலை உறுதி செய்யற ஈவிசி ஓடிபி, பதிவு பண்ணுன நெம்பருக்குத்தான் வரும். இந்தத் தேதிக்கு முந்தின ஒரு வாரம் அந்த நெம்பரைத் தொடாதீங்க. 23க்கு மேல மாத்துனா தோதா இருக்கும்.

ஈ-வே பில் (சரக்கு கொண்டு போக ஆன்லைன்ல எடுக்கற சீட்டு) தளத்துக்குள்ள போகவும் 2025 ஏப்ரல் 1ல இருந்து எல்லாருக்கும் பாஸ்வேர்டோட ஓடிபியும் கட்டாயம். லோடு ஏத்தி லாரி நிக்கறப்ப நெம்பர் அடங்குனா சரக்கு கெளம்பாது. மாத்தறதுக்கு முன்னாலயே என்ஐசி ஜிஎஸ்டி ஷீல்டு செயலியைப் போன்ல போட்டுப் பதிஞ்சு வெச்சுக்குங்க. அது எஸ்எம்எஸ் இல்லாமயே ஓடிபி குடுக்கும். துணைப் பயனாளருக்குத் தனி லாகின் இருந்தா அவங்கவங்க நெம்பருக்கும் இதே ஏற்பாடு பண்ணுங்க.

கம்பெனி பேர்ல இருக்கற நெம்பர்களை ஒரே அதிகாரக் கடிதத்துல 100 வரைக்கும் சேத்துக் குடுக்கலாம். அதுக்கும் 5 வேலை நாள். எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுக்காம, ஜிஎஸ்டி நெம்பரையும் பேங்க் நெம்பரையும் கடைசிக்கு வெச்சுக்கறது நல்லது.

கோவை, வங்கி

நெம்பர் அதேதான், அதனால பேங்க்ல புதுசாப் பதிய வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, மின் வாரியம், பாஸ்டேக் எதையும் தொட வேண்டியதில்லை. யுபிஐ மட்டும் வேற மாதிரி. அந்தச் செயலி நெம்பரை மட்டும் பாக்கறதில்லை, சிம் அட்டையையும் பாக்குது. புது சிம் போட்டதும் மறுபடி சரிபாக்கச் சொல்லும். போன்ல இருந்தே ஒரு எஸ்எம்எஸ் தானா வெளிய போகும். புது சிம்ல எஸ்எம்எஸ் சேத்து ரீசார்ஜ் இல்லைன்னா அது போகாது, பிழைன்னு காட்டிக்கிட்டே இருக்கும். மொதல்ல ரீசார்ஜ், பொறகு யுபிஐ. ஒரு நாளைக்கு அனுப்பற தொகைக்கு வரம்பு வெச்சிருந்தாலும் பதறாதீங்க, அது பாதுகாப்புக்கு.

மாத்து சிம் வாங்கி 7 நாள் ஆகாம போர்ட் பண்ண முடியாதுன்னு பெருந்துறைக்காரர் சொன்ன தடை 2024 ஜூலை 1ல வந்தது. உங்க பேருல பொய்யா சிம் மாத்தி எடுத்தவன், உடனே வேற கம்பெனிக்கு நெம்பரைக் கொண்டு போயிட்டா தேடவே முடியாது, அதைத் தடுக்கத்தான். தொலைஞ்ச சிம்முக்கு மாத்து வாங்கினவங்களும் அதே 7 நாள் பொறுக்கோணும். மாத்து சிம்முக்கு மொத 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸே நிறுத்தி வெச்சிருப்பாங்க.

யூபிசியை வீட்டுச் சாவி மாதிரி நெனைங்க. "உங்க நெம்பர் இன்னிக்கு ராத்திரி கட் ஆயிரும், வந்த கோடைச் சொல்லுங்க"ன்னு யாரு போன்ல கேட்டாலும் சொல்லாதீங்க. எந்த அதிகாரியும் போன்ல கேக்க மாட்டாங்க. நீங்க கேக்காமயே கோடு வந்தா உடனே கம்பெனியோட புகார் நெம்பர் 198க்குக் கூப்புடுங்க. விண்ணப்பம் போயிருச்சுன்னா, 24 மணி நேரத்துக்குள்ள ஆங்கிலத்துல கேன்சல்னு அடிச்சு, இடைவெளி விட்டு நெம்பர் போட்டு 1900க்கு அனுப்புனா நின்னுரும்.

காங்கேயம்

தறியில, கயித்து மில்லுல வேலை செஞ்சு கைரேகை தேஞ்சவங்களுக்கு, புது சிம் வாங்கறப்ப கைரேகை மெசின் எடுக்க மாட்டேங்குது. அவங்க எப்படி மாத்தறது?

பெருந்துறை, செல்போன் கடை

விரலைக் கழுவித் தொடச்சுட்டு, கட்டை விரல்ல ஆரம்பிக்காம எல்லா விரலையும் வெச்சுப் பாக்கோணும். அப்பவும் எடுக்கலைன்னா டிஜிட்டல் கேஒய்சின்னு இருக்குதுங்க. அசல் அடையாள அட்டையையும் ஆளையும் கடையிலயே போட்டோ எடுத்து ஏத்தறது. காகித விண்ணப்பம் 2024 ஜனவரி 1ஓட நின்னு போச்சு, ஜெராக்ஸ் கொண்டாந்தாப் பத்தாது, அசல் வேணும். கூட யாராவது இன்னொரு நெம்பரோட வந்தா நல்லது.

நெம்பர் அப்பா பேருல இருந்து அவரு காலமாயிட்டா, மொதல்ல இப்ப இருக்கற கம்பெனியிலயே வாரிசு பேருக்கு மாத்திருங்க. பொறகு போர்ட். ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணுனா யூபிசியே வராது.

ஈரோடு

ப்ரீபெய்டுல மிச்சம் இருக்கற காசும் நாளும் புது எடத்துக்கு வராதுங்க. வருச ரீசார்ஜ் போட்டு மூணு மாசத்துல மாத்துனா மீதி அத்தனையும் போச்சு. ரீசார்ஜ் முடிய அஞ்சாறு நாள் இருக்கறப்ப ஆரம்பிங்க, முழுசா முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க.

போஸ்ட்பெய்டுல பில் கட்டியாச்சுன்னு மாறுனாலும், மாறுன நாள் வரைக்குமான கடைசி பில் பின்னாலதான் வரும். அதைக் கட்டாம விட்டா பழைய கம்பெனி சொல்லி, புதுக் கம்பெனியே லைனை நிறுத்தலாம். ரசீதை எடுத்து வெச்சுக்குங்க. கடைசி பில்லுல தகராறுன்னா மொதல்ல கம்பெனியோட புகார் மையம், பொறகு அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரி. டிராய் தனிப்பட்ட புகாரை எடுத்துக்கறதில்லை.

பட்டன் போன்காரங்க பேரு நெம்பர் எல்லாம் சிம்லதான் வெச்சிருப்பாங்க. சிம் மாறுனா அத்தனையும் போயிரும். முன்னாலயே போன் மெமரிக்கு நகல் எடுத்து வைங்க. புது சிம் நல்லா பேசற வரைக்கும் பழசைத் தூக்கிப் போட வேண்டாம்.

திருச்செங்கோடு

மாறுன பொறகு ரீசார்ஜ் செயலியில நெம்பரைப் போட்டா பழைய கம்பெனி பேரையே காட்டும், மொத நாலு இலக்கத்தை வெச்சுக் கணிக்கறது. அதை அழுத்திட்டுப் பணம் போச்சுன்னு தவிக்காதீங்க. கம்பெனி பேரைக் கையால மாத்திட்டு, வட்டம் தமிழ்நாடுன்னு இருக்குதான்னும் பாத்துட்டுப் போடுங்க.