புதுப்பிப்பு: மஞ்சக்குப்பம் வீட்டு ஒயரிங்

கடலூரில் தாத்தா கட்டிய வீட்டில் குளியலறைக் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். எர்த்தைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி. எர்த் ஒயரே இல்லை!

சுவரில் ஓடிய மரப்பட்டையைப் பிரித்ததும் ரப்பர் உறை கையோடு உதிர்ந்தது. கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. பீங்கான் ஃபியூஸில், லோடு கூடினாலும் எளிதில் உருகாத தடித்த கம்பி. இதற்குள்தான் அம்மா இத்தனை வருடம் தனியாக இருந்தார்.

எல்லாம் மாற்றியாச்சு. விளக்குக்கு 1.5, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், புது எர்த் குழி, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. கீசரைப் போட்டதுமே ஆர்சிசிபி தானாக ஆஃப் ஆனது. கசிவு அதில்தான். அப்புறம் கீசரையும் மாற்றினோம்.

இப்போது ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அம்மாவே மாதாமாதம் அழுத்திப் பார்க்கிறார்.