இயர்பட்ஸ்ல சோனியா, போஸா? யாராவது சொல்லுங்க

வணக்கம் மக்களே. தினமும் தாம்பரம் டு பீச் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போய்ட்டு வர்ற ஆளு நான். பழைய இயர்பட்ஸ்ல வலது பக்கம் செத்துப்போச்சு. இந்தத் தடவை காசு போனாலும் பரவாயில்லைன்னு சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5, போஸ் க்யூசி அல்ட்ரா (2023-ல வந்த முதல் மாடல்) ரெண்டுல வந்து நிக்கிறேன்.

சோனியை நண்பன்கிட்ட வாங்கி ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். அந்த நுரை டிப்பை விரலால அமுக்கி உள்ள வச்சா, மெதுவா விரிஞ்சு காதை அடைச்சுக்குது. தண்டவாள இரைச்சல், மேல சுத்துற ஃபேன் சத்தம் ரெண்டும் போயே போச்சு. சுண்டல்காரர் குரல் மட்டும் லேசா தப்பிச்சு வந்துச்சு. சீரான தாழ்ந்த சுருதிச் சத்தத்தை அடக்குற அளவுக்குப் பேச்சுக்குரலை எதுவும் அடக்காதுன்னு தெரியும், அதனால குறை சொல்லல. ஆனா பல்லாவரம் வர்றதுக்குள்ள காது வேர்த்துடுச்சு!

போஸை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கல. சத்தம் அடக்குறதுல அதுதான் கில்லின்னு பல பேர் சொல்றாங்க. ஆனா நாய்ஸ் கேன்சலிங் போட்டா சோனி 8 மணி நேரம், இது 6 மணி நேரம்தான். கேஸ்ல வயர்லெஸ் சார்ஜிங்கும் கிடையாது, அதுக்குத் தனியா ஒரு கவர் வாங்கணுமாம். இந்த விலைக்கு இது கொஞ்சம் ஓவர்.

ஆறு மாசத்துக்கு மேல யூஸ் பண்றவங்க சொல்லுங்க: நம்ம ஊர் வியர்வைக்கு சோனி நுரை டிப் எத்தனை மாசம் தாங்குது? சின்னக் காதுக்கு போஸ் வலிக்காம நிக்குமா? பிளாட்ஃபாரத்துல நின்னு போன் பேசினா எதிர்ல இருக்கறவங்களுக்கு எது தெளிவா கேட்குது? போன் ஆண்ட்ராய்டுதான்.