கோர்பு மலைக்குப் போகிறோம்: காட்டுக்குள் வீடியோ இருட்டாக வருகிறது, என்ன செய்யலாம்?

சிப்புட் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு குனோங் கோர்பு ஏறப் போகிறோம், மூன்று நாள் பயணம். பெர்மிட், மலிம் குனோங் (மலை வழிகாட்டி) எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது. என் கேள்வி வீடியோ பற்றி.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், கிழக்கே அந்த மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. "உள்ளே எப்படிப்பா இருக்கும்?" என்று அடிக்கடி கேட்பார். அவருக்குக் காட்டத்தான் இந்த வீடியோ. யூடியூப்பில் போடும் எண்ணம் இல்லை.

பழகுவதற்காகப் பக்கத்துக் குன்றில் எடுத்துப் பார்த்தேன். போனில் எடுத்தால் இலைகள் கறுப்பு, மேலே வானம் வெள்ளை. ஆக்‌ஷன் கேமராவில் ஆட்டம் குறைகிறது, ஆனால் எல்லாம் மங்கல். 800 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வேறு கேமரா வாங்கலாமா?

ஈப்போ வாசி:

ஆக்‌ஷன் கேமராவில் விநாடிக்கு 60 ஃபிரேம் வைத்திருக்கிறீர்களா? 30க்கு மாற்றிப் பாருங்கள். 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு அதிகம் போனால் 1/60 விநாடி வெளிச்சம்தான் கிடைக்கும், 30இல் அதைப்போல் இருமடங்கு கிடைக்கும். அந்தக் கேமராக்களின் சென்சார் சின்னது. ஆட்டத்தைக் குறைக்கும் வசதி வெயிலில் நன்றாக வேலை செய்யும். இருட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் ஏற்கெனவே கலங்கியிருக்கும், அதை நேராக்கினாலும் கலங்கல் போகாது.

தாப்பா அக்கா:

தம்பி, கேமரா வாங்க வேண்டாம். அந்தக் காசில் போனில் செருகும் சின்ன மைக் ஒன்றும், காற்றுச் சத்தத்தைத் தடுக்க அதற்குப் போடும் ரோம உறையும் வாங்குங்கள். மீதியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் மழைக்காட்டில் தரைக்கு வந்து சேரும் வெயில் சுமார் 2 விழுக்காடுதான். நடுவில் ஓர் இடைவெளியில் வானம் தெரிந்தால் அது பல மடங்கு பளிச்சென்று இருக்கும். எந்தக் கேமரா கொண்டுபோனாலும் இந்த இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது கஷ்டம். அதனால் வானத்தைப் படத்துக்குள் விடாதீர்கள். போனைக் கொஞ்சம் கீழே சாய்த்து வேர், பாறை, நடப்பவர் முதுகு, ஓடைத் தண்ணீர் என்று எடுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகசும் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். காடு கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் தப்பில்லை. அது இருட்டான இடம்தான்.

ஆனால் ஒலிக்கு வெயில் தேவையில்லை. காலையில் சியாமாங் குரங்குகள் கூவ ஆரம்பித்தால் பள்ளத்தாக்கு முழுதும் எதிரொலிக்கும். சாயங்காலம் இருட்டப் போகும் நேரம் ரியாங் பூச்சிகள் (சில்வண்டுகள்) ஒன்றாகச் சேர்ந்து கத்தும். அதிர்ஷ்டம் இருந்தால் தலைக்கவச இருவாச்சி கேட்கும். 'ஊ', 'ஊ' என்று ஒவ்வொன்றாக நிதானமாக ஆரம்பித்து, வேகம் கூடிக்கூடி, கடைசியில் யாரோ உரக்கச் சிரிப்பது போல முடியும். அந்தப் பறவையைக் கண்ணால் பார்ப்பது அரிது, உச்சிக்கிளைகளில் இருக்கும். பால்மரக் காட்டில் வேலை செய்த அம்மாவுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். பெரட்டு நேரத்தில் அவர் கேட்டது சேவலும் சைரனும். மலைக்காட்டின் விடியல் அவர் கேட்டதே இல்லை. "உள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்டால் முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஒலி எடுக்கும் முறை சொல்கிறேன். போனை ஒரு பாறை மேலோ பைமேலோ வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போய்விடுங்கள். இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது, பிளாஸ்டிக் பையைக் கசக்கக்கூடாது. நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். கேட்கும்போது அது வெறும் இரைச்சலாக, சிக்னல் இல்லாத ரேடியோ போலத்தான் இருக்கும். இருபது முப்பது அடி பின்னால் வந்து, ஒரு பாறைக்குப் பின்புறம் வைத்தால் தண்ணீர் விழுவதும் உருள்வதும் தனித்தனியாகக் கேட்கும். லாத்தா கிஞ்சாங் அருவியில் நான் இப்படித்தான் எடுப்பேன்.

வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டும்போது அந்த இரண்டு நிமிட ஒலியை அடியில் நீளமாக ஓடவிட்டு, அதன்மேல் சின்னச் சின்னப் படங்களாக வையுங்கள். படம் மாறும்போது ஒலி அறுபடாமல் போனால், பார்ப்பவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதாக உணர்வார். ஒவ்வொரு படத்தின் சொந்த ஒலியையும் அதனதன் மேலேயே வைத்தால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு தடுக்கல் கேட்கும். சினிமாப் பாட்டு போட வேண்டாம் என்பது என் கருத்து. அது காட்டை மூடிவிடும்.

நடந்துகொண்டே எடுக்காதீர்கள். முன்னால் போய் நின்று, பத்து எண்ணும் வரை போனை அசைக்காமல் பிடியுங்கள். ஆட்கள் படத்துக்குள் வரட்டும், தாண்டிப் போகட்டும். அப்புறம் அம்மா கேட்கக்கூடிய கேள்விகளை நினைத்து எடுங்கள். என்ன சமைத்தீர்கள், எங்கே படுத்தீர்கள், அட்டை கடித்ததா, சப்பாத்து எப்படிக் காய்ந்தது. சார்டின் டின்னைத் திறந்து சோற்றில் கொட்டுவதை எடுக்க மறக்காதீர்கள். மலையுச்சியைப் பார்ப்பதைவிட என் மாமியார் அதைத்தான் ஆசையாகப் பார்ப்பார்.

மேலே போகப் போகக் கதை மாறும். கோர்பு 2,183 மீட்டர், தீத்திவங்சா தொடரில் அதுதான் உயரம். சுமார் 1,500 மீட்டருக்கு மேல் மரங்கள் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி போர்த்தியிருக்கும், குடுவைச் செடிகள் தொங்கும். மூடுபனி வந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், போன் கேமராவுக்கு அதுதான் நல்ல நேரம். கீழே காதுக்காக எடுங்கள், மேலே கண்ணுக்காக எடுங்கள்.

ஒன்று முக்கியம். இருவாச்சிக் கூடு எங்காவது தெரிந்தால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், வீடியோவிலும் காட்டாதீர்கள். தலைக்கவச இருவாச்சியின் கொண்டைக்காக வேட்டையாடுகிறார்கள், அந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. போனில் இடப்பதிவை அணைத்து வையுங்கள்.

சிப்புட் தம்பி:

மிக்க நன்றி அக்கா. சியாமாங் கத்துவதை எடுக்கலாம் என்று யோசித்ததே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. மூன்று நாளுக்கு சார்ஜ் எப்படித் தாங்கும்? போனில் 64 ஜிபிதான், பாதி நிறைந்துவிட்டது. அம்மா பழைய டிவியில்தான் பார்ப்பார், அதில் ஓடுமா?

தாப்பா அக்கா:

உள்ளே போனதும் ஃபிளைட் மோட் போட்டுவிடுங்கள். இல்லாத சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி இறங்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, சாதாரண போனை ஒன்றரை முறை முழுதாக ஏற்றும். எழுதியிருக்கும் அளவு முழுதும் போனுக்குப் போய்ச் சேராது, மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

4கே வேண்டாம். ஐபோன் கணக்கில் 4கே 30 ஃபிரேம் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 1080பி என்றால் 60 எம்பி. ஒரு மணி நேரம் எடுத்தாலும் நான்கு ஜிபிக்குள் அடங்கிவிடும். பழைய டிவிக்கு 1080பி தாராளம். கடைசியில் எச்.264 வடிவில் சேமியுங்கள். புது போன்கள் பயன்படுத்தும் எச்இவிசி பல பழைய டிவிகளில் ஓடாது. பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரண்டு பாகமாக வெட்டுங்கள்.

இரவில் போனையும் மைக்கையும் மூடும் பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். தூங்கும் பைக்குள் வைத்தால் மூச்சின் ஈரம் லென்சில் படியும்.

மலையோரம்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஆட்களை மலைக்கு அழைத்துப் போகிறவன், அதனால் வேறு சில விஷயங்கள்.

டிரோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நண்பர் யாராவது தூக்கிக்கொண்டு வருவார். தனி அனுமதி இல்லாமல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சுமை தூக்க வருபவர்களிலும் வழியில் பார்ப்பவர்களிலும் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் இருக்கலாம். படம் எடுக்குமுன் கேளுங்கள். தலையாட்டினால் மட்டும் எடுங்கள். பிள்ளைகளை எடுக்க வேண்டாம்.

ஆறு கடக்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். போன் பைக்குள் போகட்டும். ஒருவர் அக்கரை சேர்ந்து, மேடான இடத்தில் நின்ற பிறகு அங்கிருந்து மற்றவர்களை எடுக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் அது கெப்பாலா ஆயேர் (திடீர்க் காட்டாற்று வெள்ளம்). உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், மழை மேலே மலையில் பெய்திருக்கும். அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தை விட்டுவிட்டுக் கரையேறுங்கள், மலிம் சொல்லும் வரை இறங்காதீர்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடிமழை அதிகம். அடுத்த மாதம் என்கிறீர்கள், அது எந்த மாதம் தம்பி?