பூசை, நேர்ச்சை இல்லாம நன்மையையே வழியா எடுத்தா எங்கேருந்து தொடங்கணும்?

நாஞ்சில்வாசி:
எந்த மதத்துக்கும் எதிர்ப்பு இல்ல. ஆனா கோவில், சர்ச், தாங்கல் (அய்யாவழிக்காரங்க கும்பிடுற இடம்) எதிலயும் மனசு ஒட்டல. 'கெடுதல் செய்யாம, முடிஞ்ச நல்லதைச் செய்றது' என்பதையே தினசரி வழிபாடு மாதிரி கடைப்பிடிக்க முடியுமா? 'எல்லாரையும் நேசிங்க' மாதிரி பதில் வேண்டாம். என்ன செய்யணும், எவ்வளவு செய்யணும், எங்க சறுக்கும்? அதைச் சொல்லுங்க.

வேளிமலை:
கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரைப் பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை பீடத்தைப் பாருங்கள். அது 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. மேலே நிற்கும் 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். உங்கள் கேள்வி முழுக்க அந்தப் பீடத்துக்குள் அடங்கிவிடும்.

அதிகார வரிசையைக் கவனியுங்கள். அன்புடைமை எட்டாவது, இல்லறவியலில் வருகிறது. அருளுடைமை இருபத்தைந்தாவது, துறவறவியலின் தொடக்கம். வீட்டாரிடம் காட்டுவது அன்பு. தொடர்பே இல்லாத உயிரிடமும் காட்டுவது அருள். முதலாவது பழகாமல் இரண்டாவதுக்குத் தாவுவதுதான் பலரும் செய்யும் தவறு. அநாதை இல்லத்துக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவது.

ஆகவே முதல் ஒரு மாதம் வெளியே எதையும் தொடங்காதீர்கள். வீட்டுக்குள் ஒரே ஒரு வேலை: குரல். கோபம் வரும்போது பேசுவதை நிறுத்த முடியாது என்றால் சத்தத்தையாவது பாதியாகக் குறையுங்கள். அதே சொல்லைத் தணிந்த குரலில் சொல்லிப் பாருங்கள், பாதிச் சொற்கள் தானே உதிர்ந்துவிடும்.

இரவில் ஐந்து நிமிடம், நோட்டில் மூன்று வரி. இன்று யாரிடம் குரல் உயர்ந்தது? யாருக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப் போட்டேன்? நாளை யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? செய்த நல்லதை எழுதவே கூடாது. எழுதினால் பத்து நாளில் அது பாஸ்புக் ஆகிவிடும், புண்ணியக் கணக்கு பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். மன்னிப்பை மறுநாள் பொழுது சாயும் முன் கேட்டுவிடுங்கள், 'ஆனா' சேர்க்காமல். 'தப்புதான், ஆனா நீயும்...' என்று போனால் அது இரண்டாவது சண்டை.

தென்தாமரை:
வேளிமலை அண்ணாச்சி சொன்னதுல எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டிலேயே ஒரு மாசம் நின்னா பலபேரு அங்கேயே நின்னுருவாவ.

நம்ம ஜில்லாவுல இதுக்கு வேற ஒரு அளவுகோல் இருக்கு. 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்', அய்யா வைகுண்டர் (1809–1851) வழியில வார வாக்கு. 'எல்லாருக்கும் நல்லவனா இரு'ன்னு அது சொல்லல. யாரு கீழ கிடக்காவளோ அவிய பக்கம் முதல்ல போன்னு திசை காட்டுது. அவரு வாழ்ந்த சாமித்தோப்புல முத்திரிக் கிணறு இருக்குல்லா, எல்லாச் சாதிக்காரரும் ஒரே கிணத்துத் தண்ணியில குளிக்கணும், குடிக்கணும்னு ஏற்பட்டது. கிணத்துப் பக்கமே போகக்கூடாதுன்னு ஆட்களைத் துரத்தின காலத்துல அது உபதேசமா நிக்காம, கையில அள்ளிக் குடிக்குற தண்ணியா வந்துச்சு. தாங்கல்ல பள்ளியறைக்குள்ள கண்ணாடி வச்சிருப்பாவ, பாத்திருப்பீங்க. கும்பிடுறவனுக்கு அவன் முகமே தெரியும். எதிர்ல வாறவனையும் அதே மரியாதையோட பாக்கணும்ங்கது நான் எடுத்துக்கிட்ட அர்த்தம்.

அதனால தினமும் காலையில ஒரு கேள்வி போதும்: இன்னைக்கு என்னைத் திருப்பிப் பேச முடியாத ஆளு யாரு? ஓட்டல்ல மேசை துடைக்குற வடநாட்டுப் பையன், வீட்டு வேலைக்கு வாற அக்கா, தலைச்சுமையா மீன் கொண்டு வாற அம்மா. அவங்ககிட்ட நடந்துக்கிட்டதுதான் அன்னைக்கு உங்க வழிபாடு.

மீனுக்கே வாறேன். வாசல்ல நிறுத்தினா முதல்ல பெட்டியை இறக்க கை கொடுக்கணும். எதிர்ப்பக்கம் நின்னு ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சு, அவங்க முட்டு மடக்குற வேகத்துலயே சேர்ந்து இறக்கணும். வெடுக்குன்னு இழுத்தா கழுத்து பிடிச்சுக்கும். ஒரு செம்பு தண்ணி கொடுங்க. வாங்குற எண்ணம் இல்லன்னா இறக்கவே சொல்லாதீங்க. இறக்கி, சாளை விலை கேட்டு, பத்து நிமிசம் பேரம் பேசி, 'இன்னைக்கு வேண்டாம்'னு சொல்றதுதான் கொடுமை. திரும்ப ஏத்தவும் ஆள் வேணும்லா.

நாஞ்சில்வாசி:
இது பிடிச்சிருக்கு. காசு விஷயம்? 'இல்ல'ன்னு சொல்லத் தெரியாது, கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டு மாசக் கடைசியில முழிக்க வேண்டியிருக்கு.

வேளிமலை:
அது ஈகை இல்லை, கூச்சம். வள்ளுவர் ஒரு கோடு போடுகிறார்: வறியவருக்குக் கொடுப்பது மட்டும் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை. அளந்து கொடுத்து அதே அளவில் திரும்ப வாங்குவது என்று பொருள். நம் ஊர்க் கல்யாண வீட்டில் வைக்கும் சுருள், அதாவது மொய்ப்பணம், அப்படித்தான். கடமை, வையுங்கள், ஆனால் தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடைமுறையாக மூன்று உறை வையுங்கள். சுருளுக்கு ஒன்று. கடனாகக் கேட்பவர்களுக்கு ஒன்று, திரும்ப வராவிட்டாலும் முகம் கோணாமல் இருக்க முடிகிற தொகை மட்டும். இல்லாதவர்களுக்கு ஒன்று. மாதம் 20,000 வருகிறது என்றால் மூன்றாவது உறைக்கு 400, 500 போதும், சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிட வேண்டும். உறை தீர்ந்தால் 'இந்த மாசம் இல்ல' என்று உடனே சொல்லிவிடலாம். 'பாப்போம்' என்று இழுப்பதுதான் கேட்டவரை இரண்டு முறை நடக்க வைக்கும்.

கடலோரம்:
காசு இல்லாதவங்களுக்குப் பிடியரிசி. சர்ச் பெண்கள் செய்றது, யாரும் செய்யலாம். உலை வைக்கும்போது களைஞ்ச அரிசியில இருந்து இல்ல, களையும் முன்னாடி காய்ஞ்ச அரிசியில ஒரு பிடி தனியா. ஒரு பிடி ஏறக்குறைய 40, 50 கிராம். தினம் ஒண்ணு போட்டா மாசம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. கெடுறது எங்கேன்னா, மட்டையரிசி (சிவப்புப் புழுங்கல்), வெள்ளைப் புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒரே டப்பாவுல போடுறது. வேகுற நேரம் வேற வேற. வாங்குறவங்க வீட்டுல பாதி குழையும், பாதி அரைவேக்காடு. ஈரக்கையும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். 30 நாளுக்கு மேல வைக்காதீங்க, வண்டு வரும்.

ஒண்ணு கேக்கணும். செபம், தியானம் எதுவுமே இல்லாம இது எத்தனை நாள் ஓடும்? வறண்டு போகாதா?

தென்தாமரை:
வறளும். ரெண்டாவது மாசமே வறளும், பெரும்பாலும் யாராவது நன்றி கெட்டு நடக்குற அன்னைக்கு. அதுக்கு செபம் உதவும்னா செய்யுங்க, யாரு தடுத்தா. இல்லாதவங்க காலையில பத்து நிமிசம் சும்மா இருக்கலாம், போன் இல்லாம. களைச்சுப்போனா செய்றதைப் பாதியாக்குங்க. நோட்டையும் பிடியரிசியையும் மட்டும் விடாதீங்க, ரெண்டுக்கும் சேர்த்து ஆறு நிமிசம்தான் ஆகும்.

நாஞ்சில்வாசி:
சரி அக்கா. எங்க வீட்டுல மட்டையரிசிதான். கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுக்கணுமா?

கடலோரம்:
சொல்லணும். ஊறவைக்கணும், தண்ணியும் நேரமும் கூட வேணும், கேஸ் செலவும் ஏறும். வாங்குறவங்க வீட்டுல வெள்ளைப் புழுங்கல்தான் பழக்கம்னா, உங்க பிடிக்குப் பதிலா மாசக் கடைசியில அதே எடைக்கு வெள்ளைப் புழுங்கல் வாங்கிக் கொடுத்துட்டு, டப்பாவுல சேந்த மட்டையை நீங்க பொங்கிக்கோங்க.