அப்பாவைப் பற்றி வந்த பழைய பேப்பர் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட், கவிதையும் எழுதுவார். 1997 அல்லது 1998-இல் ஒரு பெரிய தமிழ் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வடசென்னைக் கலைஞர்களைப் பற்றி முழுப் பக்கம் வந்தது. அப்பாவோடு ஒரு கானா பாடகர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே சிறுகதை எழுதிய ஒருவர். எங்கள் ஏரியா பெயர் பேப்பரில் வந்தால் வெட்டுக்குத்துச் செய்தியாகத்தான் இருக்கும் என்றிருந்த காலம். அன்றைக்குத் தெருவே அந்தப் பக்கத்தைக் கைமாற்றிப் படித்தது.

அதை ஃபிரேம் போட்டு வைத்திருந்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரஷ்ஷைப் பல்லில் கடித்தபடி சாரத்தில் நின்று அப்பா சிரிக்கும் படம் அது. இப்போது சாரம் மட்டும்தான் தெரிகிறது.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். தேதிதான் தெரியாது. அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றிய அன்று வந்தது என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். அப்படியென்றால் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் பத்து ஞாயிறுக்குள் அடங்கிவிடும். அங்கே பழைய நாளிதழ் தேடிய அனுபவம் உள்ளவர்கள், யாரிடம் கேட்க வேண்டும், போனில் படம் எடுக்க விடுவார்களா என்று சொல்லுங்கள்.

அப்புறம், கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? நான் இன்னும் அதில் கை வைக்கவில்லை.

தை மாதம் அப்பாவுக்கு 70 வயது. அதற்குள் கிடைத்தால் போதும்.